காற்றைப் பார்த்து ஓடச் சொன்ன அரங்கநாதன் ஐயாவுக்கு

சங்கொலியால் எங்கள் சோம்பலைச் சாய்த்த செம்மலே! காற்றின் திசையைக் கண்ணெனக் காத்த காவலரே! விசிலை விடாது ஏந்தி, வேலையில் இருந்தவரையும் வேலையில் இருப்பதுபோல் இருந்தவரையும் வேறுபாடின்றி வெளியேற்றிய வித்தகரே! முப்பத்தோர் ஆண்டுகள் முறையாக வந்து, முறையாக முறைத்து, முறையாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போன முதல்வரே! கோலியனூர் தந்த கொள்கைக் குன்றே! ஏரிக்கோடி பால் குளிரூட்டு நிலையத்தின் பாதுகாப்பு மேற்பார்வையாளராம் பெருமதிப்பிற்குரிய அரங்கநாதன் ஐயா அவர்களே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், தங்களால் பல்லாண்டு படாத பாடு பட்ட பணியாளர்கள் நாங்கள், பணிந்து, மகிழ்ந்து, பெருமூச்சு விட்டு வழங்கும் பாராட்டு மடல்!

இந்த இடம் வரைக்கும்தான் அவர் அனுமதித்தார். இதற்குமேல் இரண்டு பக்கம் அடைமொழிகள் இருந்தன. ஆய்வகத்தில் பால் சோதிக்கும் வெண்ணிலா மூன்று நாள் உட்கார்ந்து எழுதியவை. எழுதிய தாளைக் கம்ப்ரசர் ஆபரேட்டர் வல்லரசு போட்டோ எடுத்து, ரகசியமாகப் பார்க்கச் சொல்லி, நேராக அவருக்கே அனுப்பிவிட்டான். மறுநாள் காலை அச்சடித்த தாளில் சிவப்பு மையால் திருத்தம் போட்டுக் கொண்டுவந்து நின்றார். 'முப்பத்தோர் ஆண்டுகள்' என்பதற்குப் பக்கத்தில் 'தவறு. முப்பது ஆண்டு, பத்து மாதம்' என்று எழுதியிருந்தார். 'குறையொன்றும் இல்லாத குணாளர்' என்ற வரியை இரண்டு முறை அடித்து, ஓரத்தில் 'என் தவறு எங்கே?' என்று கேட்டிருந்தார்.

"அது இல்லாம படிச்சீங்கன்னா மேடையை வுட்டு எறங்கிப் போயிடுவேன், பார்த்துக்கோங்க" என்றார். "போறதும் பின்பக்க வழியாத்தான் போவேன். அத்த மொதல்ல காலி பண்ணி வைங்க."

பாராட்டு மடலில் பாராட்டப்படுகிறவரின் தவறை எழுதுகிற வழக்கம் திண்டிவனத்திலும் இல்லை, விழுப்புரத்திலும் இல்லை, உலகத்தில் எங்கேயும் இல்லை. எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டால்தானே! ஆகவே எழுதுகிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு. 'தாங்கள்' என்று அவரைப் பார்த்துச் சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுந்து நின்று தேதியைத் திருத்துவார். 'அவர்' என்று சொன்னால் யாரையோ சொல்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு நப்பாசை. ஆகவே இனி, கடைசிப் பத்தி வரும்வரை, அவர் 'அவர்'தான்.

அவர் எப்படிப்பட்டவர் என்று இங்கே வந்திருக்கும் விருந்தினர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் மேலாளர் சீனுவாசன் ஐயாவின் மகள் திருமணம் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எல்லோரும் மணமக்களைப் பார்க்கப் போனோம். அவர் பின்கதவைப் பார்க்கப் போனார். அது பூட்டியிருந்தது; பூட்டின்மேல் நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் சாத்தியிருந்தன. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டப மேனேஜரைத் தேடிப் பிடித்து, சாவியைக் கண்டுபிடிக்கச் சொல்லி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே நாற்காலிகளைத் தூக்கி அடுக்கினார். கெட்டிமேளம் கொட்டும்போது மேடைக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வீடியோவில் இன்றும் அந்தச் சத்தம் இருக்கிறது என்று மேலாளர் வீட்டு அம்மா எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார்.

அவருடைய மனைவி பாஞ்சாலி அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கதை தனி. "தோட்டத்துக்குக் கீரை கிள்ளப் போனாகூட சொல்லிட்டுப் போவணும் எங்கூட்ல. சொல்லாம போயிட்டா, திரும்பி வர்றப்ப வாசல்ல நின்னு பேர் கூப்பிட்டுக்கினு இருப்பாரு" என்று ஒருமுறை வெண்ணிலாவிடம் சொன்னார்களாம். போன வருடம் ஆலையின் காற்றுப்பை புயலில் கிழிந்தது. காற்றுப்பை என்றால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட உயரமான கம்பத்தில் கட்டும் துணிக்குழாய். புதியது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அவர் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. பாஞ்சாலி அம்மாவின் ஆரஞ்சு நைட்டியின் கையை வெட்டித் தைத்து மறுநாள் காலையிலேயே கம்பத்தில் ஏற்றிவிட்டார். புதிது நைட்டியாம், இரண்டு தடவைதான் துவைத்திருந்தார்களாம். அந்தக் கொடி இப்போதும் அங்கேதான் பறக்கிறது. திரும்பிப் பார்த்தால் தெரியும். பார்க்காதீர்கள், அம்மா வருத்தப்படுவார்கள்.

காற்றின்மேல் இவருக்கு ஏன் இத்தனை பைத்தியம் என்று கேட்கலாம். நம் நிலையத்தில் பாலைக் குளிர வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது நம் வேலைக்காரன். வெளியே வந்துவிட்டால் கண்ணைப் பிடுங்கும், நெஞ்சை அடைக்கும், அதிகமானால் ஆளை முடித்துவிடும். காற்று போகிற பக்கம்தான் அதுவும் போகும். ஆகவே சங்கு ஊதியதும் முதலில் காற்றுப்பையைப் பார்க்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதை அவர் எங்களுக்குச் சொல்லாத நாளே கிடையாது. நாங்களும் தலையை ஆட்டாத நாள் கிடையாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் மாதாந்தர ஒத்திகையைத் தொடங்கினார். கடைசிச் சனிக்கிழமை காலை பதினொன்றுக்குச் சங்கு ஊதும். எல்லோரும் வெளியே வர வேண்டும். அவர் வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடுவார். முதல் ஒத்திகைக்கு வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் சிகரெட் பிடிக்க ஏற்கெனவே வெளியே நின்றவர்கள். இரண்டாவது ஒத்திகைக்கு நான்கு பேர். 'டெஸ்ட் ஓடுது சார்', 'டேங்கர் நிக்குது சார்', 'மழை தூறுது சார்' என்று ஆளுக்கொரு காரணம். கெஞ்சினார், நோட்டீஸ் ஒட்டினார், மேலாளரிடம் புகார் சொன்னார். மேலாளரே ஒத்திகைக்கு வரவில்லை என்பதால் புகார் எடுபடவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தெற்கு மூலையில் கேட்டுப் பக்கம் இருக்கிற வேப்பமரத்தடியில் சுடச்சுட மசால்வடை கொடுக்கப்படும், ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒன்று. அவர் சொந்தச் செலவு.

மூன்றாவது ஒத்திகையில் பதிவேட்டில் இருந்த முப்பத்தேழு பேரும் நான்கு நிமிடத்தில் மரத்தடிக்கு வந்தார்கள். ஆறாவது மாதம் இரண்டு நிமிடம் பத்து நொடி. மேலாளர் முதல் ஆளாக வந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரி அசந்துபோய், மாவட்டத்திலேயே இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை என்றார். அரங்கநாதன் தன் அறிக்கையில் 'பணியாளர்களின் விழிப்புணர்வு பெரிதும் மேம்பட்டுள்ளது' என்று எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்ததை நாங்கள் பார்த்தோம். எங்கள் வாயில் வடை இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

வடை சுட்டவர் குப்பம்மாள். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். காலையில் வளாகம் பெருக்குவார், பிறகு கேன்டீனில் எல்லோருக்கும் டீ போடுவார். ஒத்திகை நாளில் பத்தரைக்கே எண்ணெய்ச் சட்டியை வைத்து, வடையைத் தயாராக எடுத்து வைத்துவிடுவார். சங்கு ஊதியதும் அவர் செய்ய வேண்டியது, வடைப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவது. பதினோரு வருடம், மாதம் தவறாமல் அதைச் செய்தார். பெயர் கூப்பிடும்போது அவர் வடை கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் வருகைப் பதிவேட்டில் இல்லை. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருந்தார். வேன் ஓட்டுநர்கள், கேன் கழுவுகிறவர்கள், காவலாளி எல்லோரும் அப்படித்தான். கேன்டீன் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்ரசர் அறைக்குப் பக்கத்துச் சுவர்.

இடையில் இன்னொரு போராட்டம். காஸுக்குள் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் மூச்சுக்கருவி நம்மிடம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு நான்கு வருடம் கடிதம் எழுதினார். மேலாளர் சலித்துப்போய், "ஒண்ணு இருக்குதே சார், அதுவே பெட்டிக்குள்ள தூங்கிக்கினு இருக்குது. ரெண்டாவது எதுக்கு, அதுக்குத் தொணைக்கா?" என்றார். "தொணைக்குத்தான் சார்" என்றார் அவர். "உள்ள போறவன் தனியா போவக் கூடாது. ஒருத்தன் வுழுந்தா இன்னொருத்தன் தூக்கியாரணும்." போன புரட்டாசியில் இரண்டாவது கருவி வந்தது. அதை மாட்டிப் பழகச் சொன்னார். வல்லரசு மட்டும் ஆர்வமாகப் பழகினான். விண்வெளி வீரர்போல் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்காக ஒவ்வொரு வாரமும் மாட்டினான். அவர் ஒவ்வொரு வாரமும் திட்டினார்.

இனி அவர் கேட்ட தவறு.

போன கார்த்திகைப் புயல் கரை கடந்து மூன்றாம் நாள், புதன்கிழமை. பனமலைப் பக்கமெல்லாம் ஏரி நிரம்பி வழிந்தது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. மின்சாரம் போய்ப் போய் வந்தது. காலை பத்து இருபதுக்கு, நின்ற இயந்திரத்தைத் திரும்ப ஓட்டியபோது ஒரு குழாய் மூட்டு விட்டுக்கொண்டது. உள்ளே இருந்த வல்லரசு செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தான். இயந்திரத்தை நிறுத்தினான், சங்கை அழுத்தினான், ஓடினான். எங்கே ஓடினான்? வேப்பமரத்தடிக்கு.

நாங்களும் அங்கேதான் ஓடினோம். இது ஒத்திகை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மூக்கில் காரம் ஏறிவிட்டது, கண்ணில் நீர் கொட்டுகிறது. ஆனாலும் அத்தனை பேரும் வேப்பமரத்தடிக்குத்தான் போனோம். அன்று வடக்குக் காற்று. நைட்டிக் கை எங்கள் பக்கமாக, தெற்கே, நேராக நீட்டிக்கொண்டு நின்றது. காஸும் அங்கேதான் வந்துகொண்டிருந்தது. பதினோரு வருடம் காற்றைப் பார், காற்றைப் பார் என்று தொண்டை கிழியச் சொன்னார். எங்கள் காதில் அது ஏறவில்லை. எங்கள் கால்களில் வடை ஏறியிருந்தது.

அவர் மட்டும் வடக்குப் பக்கம் நின்று விசிலை ஊதோ ஊதென்று ஊதினார். நாங்கள் அசையவில்லை. கடைசியில் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மரத்தடிக்கே ஓடிவந்தார்.

"எருமைங்களா! காத்து இங்க வருதுடா! வடக்க வாங்கடா, வடக்க! ஜல்தி!"

அவர் எங்களை 'டா' போட்டது அன்று ஒருநாள்தான். மேலாளரையும் சேர்த்துத்தான் சொன்னார். மேலாளரும் ஓடினார். எல்லோரையும் மதிலோரமாகச் சுற்றி வடக்கு வாசலுக்கு வெளியே வயல் வரப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். நனையாமல் பையில் சுற்றி வைத்திருந்த பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். மழைத் தூறலில், இருமிக்கொண்டே, முப்பத்தேழு பெயருக்கும் முப்பத்தேழு பதில். திரும்ப ஒருமுறை எண்ணினார். அதே முப்பத்தேழு. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போய்விட்டது, திண்டிவனத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டது, சாலை இருக்கும் நிலையில் வந்து சேர அரைமணி ஆகும் என்றார்கள். ஆள் சேதமில்லை என்பதால் அரைமணி ஒரு பொருட்டில்லை. அவர் பதிவேட்டை மூடினார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. முப்பது வருடப் படபடப்பு அன்றுதான் இறங்கியதுபோல் வரப்பில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வல்லரசு வாயைத் திறந்தான். பயம் போனதும் அவனுக்குக் கிண்டல் வந்துவிடும், அது அவன் சுபாவம்.

"எல்லாம் சரி சார். வடை எங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். வெண்ணிலா அவனை முறைத்தார். அரங்கநாதன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எழுந்தார்.

"குப்பம்மா எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. காவலாளி மட்டும் சொன்னார். "இந்த வாசலாண்டதான் சார் பெருக்கிக்கினு இருந்துச்சு. சங்கு ஊதினதும் தொடப்பத்தைப் போட்டுட்டு உள்ள ஓடுச்சு. நான் நீங்க கூப்ட்டீங்களாக்கும்னு நெனைச்சேன்."

குப்பம்மாள் வடக்கு வாசலில் இருந்தார். காற்று வருகிற பக்கம். அவர் ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தாலே போதும், தப்பித்திருப்பார். சங்கு ஊதியதால் உள்ளே போனார். பதினோரு வருடம் நாம் அவருக்குக் கொடுத்த பயிற்சி அது.

அடுத்த ஒன்பது நிமிடத்தை நாங்கள் வரப்பில் நின்று பார்த்தோம். அரங்கநாதன் வடக்கு வாசலில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு கருவியை மாட்டினார். இரண்டாவதை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று பார்ப்பதற்குள் வல்லரசு அதை மாட்டி முடித்திருந்தான். போட்டோ பிடிக்கப் பிடிக்க அவனுக்குக் கை பழகியிருந்தது. திட்டு வாங்கிய ஒவ்வொரு வாரமும் அன்று உதவிக்கு வந்தது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வெள்ளையாய் நின்ற புகைக்குள் போனார்கள். வெண்ணிலா கையில் பதிவேடு இருந்தது. அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திரும்பத் திரும்பப் பார்த்தார். குப்பம்மாள் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

கேன்டீன் மூலையில், மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பின்னால், நனைத்த முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மடியில் நான்கு பிஸ்கட் பாக்கெட். தூக்கிக்கொண்டு வந்தார்கள். நினைவு இருந்தது, மூச்சுத்தான் சரியாக வரவில்லை. விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு நாள். முதல் நான்கு நாள் பேச்சு வரவில்லை, கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் குரல் கொஞ்சம் வந்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அரங்கநாதனிடம் அவர் முதலில் சொன்னது மன்னிப்பு.

"இன்னிக்கு ஒத்திகைன்னு எனக்குத் தெரியல சார். மாசக் கடைசி இல்லியே. வடை போடல. சங்கு ஊதிடுச்சு, வெறுங்கையோட போனா சார் பேஜாராயிடுவாரேன்னு, பிஸ்கட்டாவது எடுத்தாறலாம்னு போனேன்."

அரங்கநாதன் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதார். இதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, ஆகவே எழுதிவிட்டோம்.

திரும்பி வந்து தனக்குத் தானே ஒரு மெமோ எழுதி மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் வாங்க மறுத்தார். "ஒரு உயிரைக் காப்பாத்தினதுக்கு மெமோ குடுக்கச் சொல்றீங்களா சார்? எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார். அரங்கநாதன் அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போனார். 'பட்டியலில் பதினான்கு பேர் விடுபட்டது என் தவறு. அவசரச் சங்கையும் சிற்றுண்டியையும் சேர்த்தது என் தவறு. இப்படிக்கு அரங்கநாதன்.' ஆறு மாதமாக அது அங்கேயே இருக்கிறது. யார் எடுத்தாலும் மறுநாள் புதிதாக ஒன்றைக் குத்துகிறார். எத்தனை பிரதி எடுத்து வைத்திருக்கிறாரோ தெரியாது.

அது அவர் தவறு மட்டும்தானா என்று நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டோம். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஐம்பத்தொரு வடை காலியாகும். தலை முப்பத்தேழுதான் எண்ணப்படும். வடை ஐம்பத்தொன்று, ஆள் முப்பத்தேழு என்று பதினோரு வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தின்ற வாய் ஒன்றும் கேட்கவில்லை.

குப்பம்மாள் தேறி வந்ததும் அரங்கநாதன் அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, உள்ளே இருக்கும் ஆள்களை எப்படி விடாமல் எழுதுவது என்று ஆலோசனை கேட்டார். குப்பம்மாள் கரகரத்த குரலில் சிரித்தார். அந்தக் கரகரப்பு இன்னும் போகவில்லை.

"இதுக்கு எதுக்கு சார் தனியா நோட்டு? டீ போடறேன்ல. யாரு வந்தாங்க, யாரு வரல, யாருக்குச் சக்கரை வாணாம், எல்லாம் எனக்குத் தெரியும். டேங்கர்ல வர்ற அமீர் பாட்சா அண்ணன் கோட்டக்குப்பத்துல இருந்து வந்து எறங்குறப்பவே ஒரு கிளாஸ் சேத்து வெச்சிடுவேன். இன்னிக்கு என்னையும் சேத்து ஐம்பத்தொண்ணு."

அரங்கநாதன் ஓடிப்போய் எண்ணிப் பார்த்தார். ஐம்பத்தொன்று. மறுநாள் குப்பம்மாள் நாற்பத்தெட்டு என்றார், இவர் எண்ணினார், நாற்பத்தெட்டு. ஒரு மாதம் இப்படியே சோதித்தார். வருகைப் பதிவேடு ஒன்பது நாள் தப்பியது. டீக் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. அன்று முதல் நம் நிலையத்தின் அவசரகாலப் பட்டியல் குப்பம்மாளின் டீப் பட்டியல்தான். வடக்கு வாசலிலும் தெற்கு வாசலிலும் கரும்பலகை. வந்தவர் பெயரை அவர் எழுதுவார், போனவர் பெயரை அடிப்பார். சங்கு ஊதினால் பெயர் கூப்பிடுவதும் அவர்தான். வடை நின்றது. வடை நின்ற முதல் ஒத்திகைக்கு ஒன்பது பேர் வந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவது ஒத்திகையில் குப்பம்மாள் வராதவர்களுக்கு மாலை டீ கிடையாது என்று சொன்னார். அத்தனை பேரும் வந்தோம், காற்றைப் பார்த்துவிட்டு வந்தோம்.

தவறு முடிந்தது. அவர் போட்ட இரண்டாவது நிபந்தனை ஒன்று பாக்கி இருக்கிறது. சென்ற வாரம் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். பணி நிறைவு நாளன்று மாலை ஆறு மணிக்கு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்றார். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வருடமாக நம்மை எண்ணியவர் பெயர் ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், பெயின்டில் எழுதி வைப்போம் என்று நாங்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். வல்லரசு துணிந்து கேட்டான்.

"இருந்துட்டுப் போவட்டுமே சார், இன்னா கொறஞ்சிடப் போவுது?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேர் இல்லாததால ஒரு உசுரு போவப் பாத்துச்சு. ஆள் இல்லாத பேரு இருந்தாலும் அதேதான்டா. நான் கோலியனூர்ல என் வூட்ல மல்லாட்டை உரிச்சிக்கினு உக்காந்திருப்பேன். இங்க சங்கு ஊதும். குப்பம்மா என் பேரைக் கூப்புடும். பதில் வராது. நீ மாஸ்க்கை மாட்டிக்கினு என்னைத் தேடி உள்ள போவ. போவ மாட்டேன்னு சொல்லு பாப்போம்?"

வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான். நாங்களும் குனிந்துகொண்டோம். கடைசி நாள்வரை இந்த மனிதர் சொல்வதில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாமல் போனதில் எங்களுக்கு எரிச்சல்தான். அன்பு என்றும் அதைச் சொல்லலாம். எழுத வந்ததால் சொல்லிவிடுகிறோம்: அது அன்புதான்.

ஐயா! அரங்கநாதன் ஐயா அவர்களே! உட்காருங்கள், திருத்தமெல்லாம் பிறகு. தாங்கள் கேட்டபடியே தங்கள் தவறை எழுதிவிட்டோம். பின்பக்க வழி காலியாக இருக்கிறது. குத்துவிளக்கு பந்தல் துணியிலிருந்து ஆறடி தள்ளி இருக்கிறது. வெண்ணிலா டேப் வைத்து அளந்துவிட்டார். தங்கள் விசில் இன்று முதல் வல்லரசின் கழுத்தில். தாங்களும் பாஞ்சாலி அம்மாவும் நூறாண்டு கடந்தும் நோயின்றி, மூச்சுத் திணறலின்றி, புது நைட்டிகளோடும் பழைய கோபங்களோடும் நிறைவாக வாழ வேண்டும். தாங்கள் போகும் மண்டபங்களிலெல்லாம் பின்கதவு திறந்தே இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகிற அம்மா எப்போதும் சொல்லிவிட்டே போக வேண்டும்.

மணி ஆறாகப் போகிறது. குப்பம்மாள் சாக்கட்டியோடு பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறார். இதைப் படித்து முடித்ததும் அவர் தங்கள் பெயரை அடிப்பார். நான்தான் அடிப்பேன் என்கிறார். இனி தாங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே வாருங்கள். ஒரு டீ கூடும். ஆனால் கிளம்பும்போது குப்பம்மாளிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஐயா. சொல்லாமல் போய்விட்டால் தங்களைத் தேடிக்கொண்டு நாங்கள் உள்ளே வருவோம்.

இங்ஙனம்,
தங்களால் எண்ணப்பட்டவர்கள்,
ஏரிக்கோடி பால் குளிரூட்டு நிலையம்.

இன்று மாலை ஆறு மணி டீப் பட்டியல்படி: ஐம்பது பேர். முதல் கையெழுத்து: குப்பம்மாள்.